சிறு உலோகப் பாகங்களைக் கடினப்படுத்த எந்த டார்ச் வாங்குவது?

சென்டர் பஞ்ச், சிறு உளி, ஸ்க்ரூ டிரைவர் முனை, கீறுகோல் போன்ற கையடக்கப் பாகங்களைக் கார்பன் எஃகில் செய்து, அவற்றைத் தம் பட்டறையிலேயே சுட்டுக் கடினப்படுத்த விரும்பும் ஒருவர், குறைந்த செலவில் எந்த டார்ச் வாங்கலாம் என்றும், சாதாரண எரிவாயுச் சுடர் போதாமல் ஆக்சிஜன்–அசிட்டிலீன் தொகுதிக்குப் போக வேண்டியிருக்குமா என்றும் கேட்டிருக்கிறார். ஆக்சிஜன் தேவையில்லை. ரப்பர் குழாய் வழியாகச் சிலிண்டரோடு இணைவதும், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ரெகுலேட்டர் கொண்டதுமான ஒரு நடுத்தர அளவு புரொப்பேன் டார்ச்சும், ஆறேழு இலகுரகக் காப்புச் செங்கற்களும் இந்த வேலைக்குப் போதும். கையில் ஏற்கெனவே ஏதாவது ஒரு டார்ச் இருந்தால், புதியதைத் தேடுவதற்கு முன் செங்கற்களை வாங்கிவிடுங்கள் என்றே சொல்வேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது என்பது விளங்கும்.

டார்ச் விளம்பரங்கள் எல்லாம் சுடரின் வெப்பநிலையையே பெரிதாக அச்சிடுகின்றன. புரொப்பேன் காற்றில் எரியும்போது கோட்பாட்டளவில் எட்டக்கூடிய உச்சம் ஏறத்தாழ 1,980 டிகிரி செல்சியஸ். புரொப்பிலீனுக்கு அதைவிடச் சில பத்து டிகிரிகள் கூடுதல். ஆக்சிஜனோடு எரியும் அசிட்டிலீனுக்கு 3,100 டிகிரிக்கும் மேல். ஆனால் சாதாரணக் கார்பன் எஃகைக் கடினப்படுத்தத் தேவைப்படுவது 780 முதல் 820 டிகிரி வரைதான். பென்சில் அளவுள்ள பியூட்டேன் டார்ச்சின் சுடர்கூட அந்த எல்லையை இரு மடங்குக்கு மேல் தாண்டி நிற்கிறது. இருந்தும் அதைக் கொண்டு விரல் தடிமனான உளியைச் சிவக்க வைக்க முடிவதில்லை. குறைபாடு சுடர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதில் இல்லை. ஒரு வினாடிக்கு எவ்வளவு வெப்பம் பாகத்துக்குள் போகிறது, அதே வினாடியில் எவ்வளவு வெளியே தப்புகிறது என்ற கணக்கில்தான் இருக்கிறது.

அந்தக் கணக்கைத் தோராயமாகவாவது போட்டுப் பார்ப்பது நல்லது. 800 டிகிரியில் சிவந்து நிற்கும் ஆக்சைடு படிந்த எஃகு, தன் மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் ஏறத்தாழ 6 வாட் வெப்பத்தைக் கதிர்வீச்சாக இழக்கிறது. 6 மில்லிமீட்டர் விட்டமும் 75 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பஞ்ச்சின் மேற்பரப்பு 15 சதுர சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் இழப்பு 90 வாட்டுக்குள் அடங்கிவிடும். 12 மில்லிமீட்டர் விட்டமும் 100 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உளிக்கு அது 240 வாட்டாகிறது. 150 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு கத்தி அலகு, எடையில் அந்த உளிக்கு நிகரானது, அதாவது 90 கிராமை ஒட்டியது. ஆனால் பரப்பு விரிந்திருப்பதால் அதன் இழப்பு 500 வாட்டைத் தாண்டுகிறது. எடையை மட்டும் பார்த்து டார்ச்சைத் தேர்ந்தெடுப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். மெல்லிய தகடு போன்ற பாகம் சீக்கிரம் சிவக்கும் என்று நினைப்போம்; திறந்த வெளியில் அது சுடர் படும் இடத்தில் மட்டும் சிவந்து, ஒரு விரற்கடை தள்ளிக் கறுத்தே கிடக்கும்.

இனி வரவுப் பக்கம். புரொப்பேன் கிலோவுக்கு ஏறத்தாழ 46 மெகாஜூல் வெப்பம் தருகிறது. சிறிய கேஸ் குப்பியின் தலையில் திருகிப் பிடிக்கும் கைடார்ச் மணிக்கு 150 கிராம் அளவுக்கு எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது ஏறத்தாழ 1.9 கிலோவாட். திறந்த வெளியில் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி பாகத்தைச் சுற்றிக்கொண்டு காற்றோடு போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 380 வாட், எஃகில் சேர்ந்தாலே அதிகம். பஞ்ச்சுக்கு அது தாராளம். உளிக்கு இழப்புப் போக மிஞ்சுவது சொற்பம். கடைசி நூறு டிகிரி ஏறுவதற்குள் பொறுமை போய்விடும். கத்தி அலகுக்கு வரவைவிடச் செலவு கூடுதல் என்பதால், எவ்வளவு நேரம் காட்டினாலும் அது முழு நீளமும் 800 டிகிரியை எட்டாது.

இந்த நிலையில் இரண்டு வழிகள் உண்டு. பெரிய டார்ச் வாங்கி வரவைக் கூட்டலாம். அல்லது இழப்பைக் குறைக்கலாம். இரண்டாவது வழி மலிவானது என்பதோடு, வேலையின் தரத்துக்கும் நல்லது. பாகத்தைச் சுற்றியுள்ள சுவர்களும் சிவந்து ஒளிரத் தொடங்கிவிட்டால், எஃகு வெளியே அனுப்பும் கதிர்வீச்சுக்கு ஏறக்குறைய நிகராகச் சுவர் திருப்பி அனுப்புகிறது. நிகர இழப்பு வெகுவாகக் குறைகிறது. முன்பு அலகைச் சிவக்க வைக்கத் திணறிய அதே கைடார்ச், ஒரு சின்னச் செங்கல் குகைக்குள் அதைச் சில நிமிடங்களில் ஒரே நிறத்தில் ஒளிரச் செய்துவிடும். வெப்பம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வருவதால் மெல்லிய விளிம்பு கருகுவதும், தடித்த நடுப்பகுதி பின்தங்குவதும் குறைகின்றன.

செங்கல் என்றதும் கையில் கிடைப்பதை எடுத்துவிடக் கூடாது. கட்டடச் செங்கல்லும் கான்கிரீட் கட்டியும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். திடீரென்று சுடும்போது அந்த ஈரம் நீராவியாகி, கல்லை வெடிக்கச் செய்து சில்லுகளை முகத்தில் எறியும். உலைகளுக்குப் பயன்படும் கனமான தீச்செங்கல் வெடிக்காது; ஆனால் அது அடர்த்தி மிகுந்தது, வெப்பத்தை நன்றாகக் கடத்துவது, ஆகவே டார்ச் தரும் வெப்பத்தை எல்லாம் முதலில் தானே குடித்துவிடும். நமக்கு வேண்டியது நுண்துளைகள் நிறைந்த இலகுரகக் காப்புச் செங்கல். கையில் எடுத்தால் தக்கை போல இருக்கும், ரம்பத்தால் அறுக்க வரும், நகத்தால் அழுத்தினாலே பதியும். 1,260 டிகிரி வரை தாங்கும் தரமே இந்த வேலைக்குத் தாராளம். அதைவிட உயர்ந்த தரத்துக்குப் பணம் கொடுப்பது வீண், ஏனென்றால் தரம் உயர உயர அடர்த்தியும் கூடி, காப்புத் திறன் பெரும்பாலும் குறையவே செய்கிறது.

அமைப்பதற்குக் காரையும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். தரையாக ஒன்றிரண்டு கற்கள், இருபுறச் சுவர்கள், பின்பக்கம் ஒன்று, மேலே மூட ஒன்றிரண்டு என்று அடுக்கி, உள்ளே ஆறேழு சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள ஒரு பொந்து கிடைத்தால் போதும். பொந்து சிறிதாக இருக்க இருக்கச் சூடாவது விரைவு. என்றாவது ஒரு நாள் பெரிய வேலை வரும் என்று இப்போதே பெரிதாகக் கட்டுவதில் பொருளில்லை, அன்றைக்குக் கற்களைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். சுடர் பாகத்தின் மேல் நேராக மோதாமல், ஒரு சுவரில் சாய்வாகப் பட்டுச் சுழன்று வருமாறு டார்ச்சை வையுங்கள். முக்கியமாக, புகை வெளியேற வழி விட வேண்டும். டார்ச் தன் கழுத்திலுள்ள துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. அந்தத் துளைகள் பொந்துக்குள் போய்விட்டால் எரிந்த வாயுவையே மீண்டும் இழுத்துச் சுடர் மூச்சு முட்டி அணையும். பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பப்படும் டார்ச்சுகளில் சில, முனையை இரண்டு சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்திருந்தாலே சரியாகியிருக்கும் என்பது என் சந்தேகம்.

செங்கல்லுக்குப் பதிலாகச் செராமிக் இழைப் போர்வையைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். காப்பில் அது இன்னும் சிறந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் நுண்ணிழைகள் நுரையீரலுக்குள் போகக் கூடியவை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அவ்வகை இழைகளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் வைத்திருக்கிறது. மேலே தீக்காரை (உயர் சூட்டைத் தாங்கும் பூச்சு) பூசி இழைகளை அடைக்காமல் அதைப் பயன்படுத்தவே கூடாது. எப்போதாவது ஒரு பஞ்ச் சுடுபவருக்கு அந்தத் தொல்லை தேவையா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பழைய கிடங்குகளில் அகப்படும் கல்நார் தகட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

இப்போது டார்ச்சுக்கு வருவோம். பேனா போன்ற பியூட்டேன் டார்ச், மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கம்பிகளுக்கும், கடிகாரப் பாகங்கள் போன்றவற்றுக்கும் உதவும். அதை முதன்மைக் கருவியாக நம்ப முடியாது, எனினும் டெம்பரிங் (கடினப்படுத்திய பாகத்தை மீண்டும் மிதமாகச் சூடாக்கி, நொறுங்கும் தன்மையைக் குறைப்பது) செய்யும்போது அதற்கு ஒரு நல்ல இடம் உண்டு. குப்பியின் தலையில் திருகும் கைடார்ச் அடுத்த படி. இதில் வாங்கும்போது பார்க்க வேண்டியது பற்றவைக்கும் பொத்தான் அல்ல, பர்னர் குழாயின் விட்டமும் சுடரைச் சுழலச் செய்யும் முனையும்தான். ஊசி போன்ற நீலச் சுடர் தருவது குழாய் பற்றவைப்பவருக்கு வசதி. நமக்கு வேண்டியது அகலமாகவும் மென்மையாகவும் விரியும் சுடர். இவ்வகையின் குறை, குப்பி கையிலேயே தொங்குவதால் கை சோர்வதும், குப்பியைச் சாய்த்தால் திரவமே முனைக்கு வந்து சுடர் மஞ்சளாகச் சீறுவதும். செங்கல் குகையோடு சேர்த்து, 10 மில்லிமீட்டர் வரையுள்ள பாகங்களுக்கு மட்டும் பயன்படுத்துவதென்றால் இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

அதைத் தாண்டிய வேலை இருந்தால், கைப்பிடி தனியாகவும் சிலிண்டர் தரையிலும் இருக்கும் குழாய் வகை டார்ச்சே சரியான முதலீடு. நாசில்களை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பாருங்கள். மணிக்கு 200 கிராம் எரிக்கும் முனையிலிருந்து ஒரு கிலோ எரிக்கும் முனை வரை ஒரே கைப்பிடியில் பொருந்துமானால், ஏறத்தாழ 2.5 கிலோவாட்டிலிருந்து 13 கிலோவாட் வரை கையில் இருக்கிறது என்று பொருள். ஒரு கைப்பிடியும் இரண்டு நாசிலும் போதும். ஐந்து நாசில் கொண்ட பெட்டி வாங்கியவர்கள் எப்போதும் அந்த இரண்டையே பயன்படுத்துகிறார்கள். கூரையில் தார்த்தாள் ஒட்டப் பயன்படும் நீளமான டார்ச் மலிவாகக் கிடைப்பதால் ஆசை காட்டும். அதன் வெப்பம் பல பத்து கிலோவாட். கைப்பிடி ஒரு முழ நீளத்துக்கும் மேல். சிறு பாகத்தைக் கற்களோடு சேர்த்துத் தள்ளிவிடும். விட்டுவிடுங்கள்.

ஆக்சிஜன் சேர்ந்த டார்ச் வேண்டாம் என்று நான் சொல்வது செலவுக்காக மட்டும் அன்று. 3,000 டிகிரிச் சுடரின் கீழ் ஒரு பஞ்ச்சின் கூர்முனை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகத் தொடங்கும். அதற்குள் தண்டுப் பகுதி சிவந்திருக்காது. அனுபவமுள்ளவர்கள் அகலமான முனை மாட்டி, சுடரை ஓயாமல் நகர்த்தி அழகாகச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அகலமான முனை அசிட்டிலீனை வேகமாகக் குடிக்கும். அசிட்டிலீன் சிலிண்டரிலிருந்து மணிக்கு அதன் கொள்ளளவில் ஏழில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது நெடுங்கால நடைமுறை விதி, மீறினால் உள்ளே கரைத்து வைத்திருக்கும் அசிட்டோனும் சேர்ந்து வரும். ஆகவே அகல முனை என்றால் பெரிய சிலிண்டர் என்றாகிவிடும். சிக்கனம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எரிவாயுவில் புரொப்பேனே எல்லாவகையிலும் ஏற்றது. பியூட்டேனின் கொதிநிலை உறைநிலையை ஒட்டிய –0.5 டிகிரி, குளிர்ந்த அறையில் அதன் அழுத்தம் விழுந்து சுடர் சோரும். புரொப்பேனின் கொதிநிலை –42 டிகிரி என்பதால் அந்தத் தொல்லை இல்லை. சமையலுக்கு வரும் கலவை வாயு இரண்டுக்கும் இடைப்பட்டது. மஞ்சள் குப்பியில் வரும் ‘மாப்’ வகை வாயு கூடுதல் சூடு தரும் என்று சிலர் தேடிப் போவார்கள். அந்தப் பெயருக்குரிய மூலக்கலவையின் உற்பத்தி வட அமெரிக்காவில் 2008-இல் நின்றுவிட்டது. இப்போது அப்பெயரை ஒட்டி விற்பனையாவது பெரும்பாலும் புரொப்பிலீன். சற்று வேகம் உண்டு என்பது மெய். செங்கல் குகைக்குள் அந்த வேறுபாட்டுக்குத் தனி விலை கொடுக்கத் தேவையில்லை.

சிலிண்டரின் அளவையும் கவனியுங்கள். மணிக்கு ஒரு கிலோ வாயு ஆவியாகும்போது அது சிலிண்டரிலிருந்து ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உறிஞ்சுகிறது. சிறிய சிலிண்டரால் அதைச் சுற்றுப்புறத்திலிருந்து ஈடு செய்ய முடியாமல் மேலே பனி படியும், அழுத்தம் விழும், நீங்கள் டார்ச்சைச் சந்தேகிப்பீர்கள். பெரிய சிலிண்டருக்கு மாறுவதே தீர்வு. பனி படிந்த சிலிண்டரைச் சுடரால் காட்டிச் சூடாக்குவது தற்கொலைக்கு ஒப்பானது.

சிக்கனம் பிடிக்கவே கூடாத இடம் ரெகுலேட்டரும் குழாயும். சமையல் அடுப்பின் ரெகுலேட்டர் தருவது ஏறத்தாழ 30 மில்லிபார். இவ்வகை டார்ச்சுகளுக்கு அவற்றின் வடிவமைப்பைப் பொறுத்து ஒன்று முதல் நான்கு பார் வரை, அதாவது அதைப் போல் பல பத்து மடங்கு, தேவைப்படுகிறது. அடுப்பு ரெகுலேட்டரோடு இணைத்துச் சோம்பலாக எரியும் சுடரைப் பார்த்துவிட்டு, அதைக் கழற்றி எறிந்து நேரடியாகச் சிலிண்டரில் மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். அழுத்தத்தை மாற்றக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டர், எரிவாயுவுக்கென்றே தரச்சான்று பெற்ற குழாய், குழாய் அறுந்தால் தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு வால்வு ஆகிய மூன்றையும் புதிதாகவே வாங்க வேண்டும். பழைய டார்ச் கைப்பிடியைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். பழைய ரப்பர் குழாயை நம்ப முடியாது. இணைப்புகளை ஒவ்வொரு முறையும் சோப்பு நீர் தடவிச் சோதியுங்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தேங்கும். நிலவறையிலோ பள்ளமான மூலையிலோ சிலிண்டரை வைக்கக் கூடாது. கற்களால் அடைபட்ட சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடும் வரும் என்பதால், திறந்த வாசலருகே வேலை செய்வதே முறை.

வெப்பநிலையை அளக்கவும் விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. தூண்டுகோல் முனையில் ஒட்டிய சிறு காந்தம் போதும்: எஃகு 770 டிகிரியை நெருங்கும்போது காந்தத்துக்கு ஒட்டாமல் போகிறது, அதற்கு மேல் நிறம் ஒரு சாயல் வெளுக்கும் வரை விட்டால் வேண்டிய இடம் வந்துவிடும். சாப்பாட்டு உப்பு 801 டிகிரியில் உருகுகிறது; பாகத்தின் மேல் சிட்டிகை தூவி, அது கண்ணாடி போல் இளகுவதைப் பார்ப்பதும் நம்பகமான சோதனையே, ஆனால் மிஞ்சிய உப்பைக் கழுவாவிட்டால் துரு பிடிக்கும். மங்கலான வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். சிவந்து வரும் எஃகில் ஒரு நிழல் ஊர்ந்து கடந்து மறையும்; உள்ளமைப்பு மாறும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் தோன்றும் நிழல் அது. அது முழுவதும் மறைந்த பிறகே தோய்க்க, அதாவது எண்ணெயிலோ நீரிலோ முக்கிச் சட்டென்று ஆறவைக்க, வேண்டும். மலிவான அகச்சிவப்பு வெப்பமானிகள் பெரும்பாலும் இந்த உயரத்தை எட்டுவதில்லை, எட்டினாலும் சுடர் அவற்றைக் குழப்பும். பணம் மிஞ்சினால் கே வகைத் தெர்மோகப்பிளை (உயர் வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரியை) பொந்துக்குள் செருகிவைக்கலாம். சுடர் நேரே படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

சுடரின் காற்றளவும் எஃகைப் பாதிக்கும். காற்று மிகுந்து சீறும் சுடர் மேற்பரப்பில் செதில்களை உண்டாக்கி, அங்குள்ள கார்பனையும் எரித்துவிடுகிறது; தோய்த்த பிறகு அரம் போட்டால் மேல் தோல் மட்டும் மென்மையாக வழுக்கிக்கொண்டு வருவது இதனால்தான். பொந்தின் வாயில் மெல்லிய நாக்கு போல் சுடர் சற்றே வெளியே எட்டிப் பார்க்குமாறு வாயுவைக் கூட்டி வைத்தால், உள்ளே ஆக்சிஜன் மிஞ்சாது. போரிக் அமிலத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசி உலர்த்திக்கொள்வது மலிவான கூடுதல் காப்பு.

எந்த எஃகு என்பதும் டார்ச் தேர்வோடு சேர்ந்த கேள்விதான். சில்வர் ஸ்டீல் (வெள்ளி கலக்காத, பளபளப்பான உயர் கார்பன் எஃகுக் கம்பி), நீரில் தோய்க்கும் டபிள்யூ1, எண்ணெயில் தோய்க்கும் ஓ1 ஆகியவை மேற்சொன்ன ஏற்பாட்டுக்குள் அடங்கும். ஓ1 மட்டும் அந்தச் சூட்டில் சில நிமிடங்கள் நின்றால்தான் முழுப் பயன் தரும், அதற்கும் செங்கல் குகையே வழி. டி2 போன்ற உயர் குரோமிய எஃகுகளும், துருப்பிடிக்காத கத்தி எஃகுகளும் 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் நீண்ட நேரம் துல்லியமாக நிற்க வேண்டியவை. அவற்றுக்கு எந்த டார்ச்சும் பொருந்தாது. மின்உலை உள்ள ஒருவரிடம் கொடுப்பதே குறைந்த செலவு. கார்பன் குறைந்த மென்எஃகு தோய்த்தாலும் பயனுள்ள அளவுக்குக் கடினமாகாது.

தோய்ப்பதற்கு மூடியுள்ள, பாகத்தின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது ஆழமுள்ள உலோகக் கலம் வேண்டும். எண்ணெயில் தோய்க்கும் எஃகுக்குத் தாவர எண்ணெய் போதும். பழைய இன்ஜின் எண்ணெயின் புகையில் என்ன கலந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் தீப்பிடித்தால் மூடியைப் போட்டால் அடங்கிவிடும், நீர் ஊற்றக் கூடாது. துத்தநாகம் பூசிய கலங்களையும் பாகங்களையும் சுடரின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தோய்த்த பாகம் கண்ணாடி போல் நொறுங்கும் நிலையில் இருப்பதால், ஆறியதும் தாமதிக்காமல் டெம்பரிங் செய்ய வேண்டும். பாகம் முழுவதும் ஒரே பதம் வேண்டுமென்றால் சிறிய மின் அடுப்பு எந்த டார்ச்சையும் வென்றுவிடும்: 200 டிகிரியில் ஒரு மணி நேரம், ஆறவிட்டு இன்னொரு முறை. ஆனால் பஞ்ச்சுக்கும் உளிக்கும் முனை கடினமாகவும், சுத்தியல் விழும் தலை மென்மையாகவும் இருப்பது அவசியம்; அதை அடுப்பால் செய்ய முடியாது. முன்னர் ஒதுக்கி வைத்த பேனா டார்ச் இங்கேதான் பயன்படுகிறது. பாகத்தை மணல் தாள் தேய்த்துப் பளபளப்பாக்கி, முனையிலிருந்து தள்ளித் தண்டின் நடுவில் சுடரைக் காட்டுங்கள். 220 டிகிரியில் வெளிர் வைக்கோல் நிறம், 240-இல் அடர்ந்த வைக்கோல், 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம் என்று வண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனையை நோக்கி நகரும். பஞ்ச்சின் முனையில் அடர்ந்த வைக்கோல் நிறமும், உளியின் விளிம்பில் பழுப்பு கடந்து ஊதா தொடங்கும் நிறமும் வந்தவுடன் நீரில் போட்டு நிறுத்திவிடலாம்; பிறகு தலைப்பக்கத்தை மட்டும் தனியாக நீலம் கடந்து சாம்பல் நிறம் வரும் வரை சூடாக்கி, காற்றிலேயே ஆறவிடுங்கள், அப்போது முனையை ஈரத்துணியால் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும்.